குழாயை நசுக்கியது யார்?

தோப்பு வழியே புதிதாகப் புதைத்த இரும்புத் தண்ணீர்க் குழாய்க்குள் தவழ்ந்துபோன இன்ஜினீயர் லோகப்பிரியாவின் டார்ச் வெளிச்சத்தில் அது சிக்கியது. தலைக்கு நேர்மேலே, சிமென்ட் உள்பூச்சில் நீளமாக ஒரு வெடிப்பு. நகம் நுழைந்தது.

டேப்பை நிமிர்த்திப் பிடித்தாள். ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் உயரத்தில் நாற்பது குறைவு! இருபத்துநாலுக்கு மேல் குறையக் கூடாது. வட்டக் குழாய் மேலிருந்து அமுங்கிப்போயிருந்தது.

வெளியே வந்ததும் போன். மேனேஜர் ஸ்ரீனிவாஸ்.

"தேங்காய் லாரியைக் குழாய் மேல ஏத்துனது அந்தத் தோட்டக்காரன்தானே? அவன் மேல கம்ப்ளைன்ட் எழுதும்மா. நாம தப்பிச்சுக்கலாம்."

அந்தத் தோட்டக்காரர் வெள்ளியங்கிரி, குழியோரமாகத் தலைத்துண்டைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மணி, என்ற லாரியாலதானுங்களா? பொள்ளாச்சிக்குக் காய் போகோணும்னு அவசரப்பட்டுப்போட்டேனுங்க. இந்த வயசுல போலீஸ் டேசன் படி ஏறோணுமுங்களா?"

லோகப்பிரியா டார்ச்சை அணைத்தாள். லாரி போகலாமா என்று அவர் கேட்டபோது தலையாட்டியது யார்? அதற்கு முந்தின நாள், பக்கத்து மண்ணை இடித்து இறுக்குவதற்குள், குழாய் அமுங்காதபடி உள்ளே நிறுத்தியிருந்த முட்டுகளை அடுத்த குழாய்க்கு வேண்டுமென்று உருவச் சொன்னது யார்?

"முட்டும் இருந்து மண்ணும் இறுகியிருந்தா உங்க லாரி ஒண்ணும் பண்ணியிருக்காதுங்க. தப்பு என்னோடதுங்க."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க."

அவர் எதிரிலேயே ஸ்ரீனிவாஸைப் போனில் அழைத்தாள்.

"சார், முட்டுகளை எடுக்கச் சொன்னதும் நான், லாரியை விட்டதும் நான். அப்படியே எழுதப்போறேன்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

மறுநாள் குழாயின் இரு பக்க மண்ணையும் அள்ளி ஒதுக்கினார்கள். வெல்டர் அனீஸ் உள்ளே ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான்.

"மெதுவா அனீஸ்! பூச்சு மொத்தமும் உதிர்ந்துடும்!"

"என் மாமியாரைக்கூட நான் இத்தனை பதனமா நடத்தினதில்லைங்க்கா!"

நாற்பது, முப்பது, பதினைந்து... பத்தில் நின்றது. போதும். முட்டுகளை மறுபடி நிறுத்தி, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்தார்கள். பெயர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுக் கலவை அடைத்தாள். மிச்சமிருந்த மயிரிழைக் கீறல்கள் தண்ணீர் பட்டால் தாமே மூடிக்கொள்ளும்.

அறிக்கை போய்ச் சேர்ந்த மாலையே பதில் வந்தது: திங்கட்கிழமை காலை கோயமுத்தூர் ஆபீஸில் நேரில் விளக்கம்.

திங்கட்கிழமை ஜீப்பின் முன்சீட்டில் வெள்ளைச் சட்டையோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார் வெள்ளியங்கிரி.

"நீங்க எதுக்குங்க?"

"நான் உங்களைக் கேட்டதுக்கு அப்புறம்தான் லாரியை உட்டேன்னு நீங்க மட்டும் சொன்னா நம்புவாங்களா? நானும் வாரேன். வண்டியை எடுங்க அம்மணி!"