எதிர் வீட்டுச் சீட்டு

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நான்தான். ராயப்பேட்டைச் சந்துக்குள் எட்டே வீடு; ஆனாலும் பதவி பதவிதானே. பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும் கட்டடத்தை இடித்து, லிஃப்ட் வைத்து ஐந்து மாடி கட்ட பில்டரோடு பேசி முடித்தேன். யாருக்கு எந்த மாடி என்பது குலுக்கல்; விழுந்ததை மாற்றிக்கொள்ளக் கூடாது. இந்தத் தீர்மானமும் என் கைவண்ணம்தான்.

நாலாம் வீட்டு சுவாமிநாதன் மட்டும் முனகினார். "கரண்ட் போனா முட்டிவலியோட எப்படி ஏறுவேன்? எனக்கு முதல் மாடி கொடுத்துடுங்கோளேன்."

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான் சார்" என்று அவர் வாயை அடைத்தேன்.

குலுக்கலுக்குக் கிளம்பும்போது என் மனைவி முத்துலட்சுமி கேட்டாள்: "ஜமீலா எதிர்லதானே வருவா?"

சர்க்கரை வியாதியில் முத்துலட்சுமிக்குப் பார்வை போய் ஐந்து வருடமாகிறது. யார் கையும் பிடிக்காமல் அவள் போய்வரும் ஒரே இடம் எதிர் வீட்டு ஜமீலுன்னிசாவின் வீடு. முப்பது வருடமாக அந்த இரண்டு கதவையும் பகலில் சாத்தியதில்லை.

"வராம எங்க போவாங்க" என்றேன். உண்மையில் அந்த நிமிடம்வரை நான் அதை யோசிக்கவே இல்லை. அவ்வளவு பெரிய புத்திசாலி.

மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, எவர்சில்வர் டப்பாவில் சீட்டைக் குலுக்கினோம். எனக்கு ஐந்தாம் மாடி. எனக்கு எதிர் வீடு சுவாமிநாதனுக்கு. ஜமீலுன்னிசாவுக்கு முதல் மாடி.

"பரவால்ல அண்ணே. லிஃப்ட்தான் வருதே, நான் மேல வந்து லட்சுமிய பாத்துக்கிறேன்" என்றார் ஜமீலுன்னிசா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவர் வருவார், சரி. முத்துலட்சுமி தானாக எழுந்து இனி எங்கே போவாள்?

எழுந்து நின்றேன். "தீர்மானத்துல ஒரு சின்ன திருத்தம்..."

"சட்டம் எல்லாருக்கும்னு சொன்னேளே?" என்றார் சுவாமிநாதன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"தப்பு சார். என்மேலதான் தப்பு. நீங்க கேட்டப்பவே முதல் மாடி கொடுத்திருக்கணும். என் பொண்டாட்டி தனியாப் போற வாசல் இவங்களுது ஒண்ணுதான். தயவுசெஞ்சு மாத்திக்குங்க."

சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தன் சீட்டை ஜமீலுன்னிசாவிடம் நீட்டினார். "இந்தாங்கோம்மா. எனக்கும் முதல் மாடிதானே வேணும்?"

வீட்டுக்கு வந்து முத்துலட்சுமியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜமீலா எதிரில் வருவதில் அவளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வேறொன்றில் நின்றுவிட்டாள்.

"தப்புன்னா சொன்னீங்க? எல்லார் எதிர்லயுமா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே" என்றாள், கோபமே இல்லாமல்.

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். கண் மங்குது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோது, எட்டு வீட்டுச் சங்கத்தின் தேர்தல் முடியட்டும் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டவன் நான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து ஆரம்பித்தேன்.