எட்னா வால்ட்டின் வாய்

2011 ஜூலையில் கூடைப்பந்துக் கிளப் முதலாளிகள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து கதவடைப்புச் செய்தார்கள். பணக்காரர்களுக்கும் அவர்களைவிடப் பெரிய பணக்காரர்களுக்கும் பங்குச் சண்டை. பிட்ஸ்பர்க்கில் ஆட்டம் நின்றதே தவிர, ஆட்டத்தைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. வழக்கமாக நேற்றுத் தோற்றதைப் பற்றிப் பேசுவோம். தோற்கக்கூட வழியில்லாத காலத்தில் வாயில் போட்டு மெல்ல ஏதாவது வேண்டுமே. ட்ரேவன் கோல் அகப்பட்டான்.

ட்ரேவனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரிப் பையன்களைக் கிளப்புகள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்ளும் ஜூன் மாத டிராஃப்டில், எங்கள் கிளப் முதல் சுற்றிலேயே எடுத்தவன். எங்கள் சட்டையைப் போட்டு இன்னும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு அவன் அவதார புருஷன், மீதிப் பேருக்குத் தண்டச்சோறு.

அவனை எடுக்கவைத்தவர் வெர்னன் டட்டில். கிளப்பில் மூன்றாவது துணைப் பயிற்சியாளர், பெஞ்சின் கடைசியில் துண்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். தொலைக்காட்சியில் எப்போதாவது அவருடைய முழங்கை மட்டும் தெரியும். டிராஃப்ட் கூட்டத்தில் வாழ்க்கையில் முதல் முறையாக மேஜையைத் தட்டி, "இவன விட்டா நமக்கு வேற ஆள் கிடைக்காது" என்று சண்டை போட்டு ஜெயித்தார். பையன் உருப்பட்டால் அவர் வேலை நிற்கும், இல்லையென்றால் அடுத்த கோடையில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதைவிட, அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பையனை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

பையனிடம் ஒரு குறை இருந்தது. பந்து கைக்கு வந்தால் வலப்பக்கம்தான் பாய்வான். இடப்பக்கம் பாதை ஆளில்லாமல் திறந்து கிடந்தாலும் போகமாட்டான். கல்லூரியில் இது செல்லுபடியாகும். பெரிய ஆட்டத்தில் இரண்டே வாரத்தில் மோப்பம் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுவார்கள். இந்தக் கோடையில் ஒருத்தன் அவனுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

சொல்லத்தான் முடியாது. கதவடைப்பு முடியும்வரை கிளப் ஆட்கள் ஆட்டக்காரர்களிடம் பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஆள்விட்டும் சொல்லக் கூடாது. மளிகைக் கடையில் எதிரே பார்த்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மீறினால் கிளப்புக்கு அபராதம், மீறியவருக்கு வேலை போகும். கிளப்பின் இணையதளத்தில் ஆட்டக்காரர்கள் படத்தையெல்லாம் எடுத்துவிட்டு, ஆட்டத்துக்கு நடுவே கூத்தடிக்கும் கரடி வேஷக்காரனின் படத்தை மட்டும் வைத்திருந்தார்கள்.

வெர்னனுக்கு வானொலிதான் வழி காட்டியது. மாலை நான்கு மணிக்கு கஸ் என்பவர் நடத்தும், நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசும் விளையாட்டு நிகழ்ச்சி. அதைக் கேட்பதே இல்லை என்று எல்லா ஆட்டக்காரர்களும் சத்தியம் செய்வார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்கள். வெர்னன் கராஜுக்குள் காரில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"லைன்ல யாரு?"

"இங்க பக்கத்துல எட்னாவுலேர்ந்து வால்ட். ரொம்ப நாளா கேக்கறேன், கூப்பிடறது இதான் மொத தடவ."

"சொல்லுங்க வால்ட்."

"அந்த கோல் பையனுக்கு எடது கைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல பஸ்ல மறந்து வெச்சுட்டு எறங்கிட்டானா? வலப்பக்கமே ஓடறான்யா, வண்டியில கட்டின குதிர மாதிரி! எடது கையால பந்து தட்டச் சொல்லு. காலைல ஆயிரம் தடவ, சாயந்திரம் ஆயிரம் தடவ. அதுவரைக்கும் அவன் ஆட்டக்காரன் இல்ல, உயரமான பையன், அவ்ளோதான்."

கஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். "வால்ட், நாளைக்கும் கூப்பிடுங்க!"

வால்ட் கூப்பிட்டார். பிறகு வாரம் தவறாமல் கூப்பிட்டார். இடது தோளை எப்படி இறக்க வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று பாடத்தையெல்லாம் வசவுக்குள் பொதிந்து அனுப்பினார். நயமாகச் சொன்னால் கஸ் இணைப்பைத் துண்டித்துவிடுவார், திட்டினால்தான் நேரம் கிடைக்கும். செப்டம்பருக்குள் ஊரில் வால்ட் கட்சி என்று ஒன்று உருவாகிவிட்டது. 'வால்ட் சொன்னா சரி' என்று சட்டை அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பையனுக்காக மேஜையைத் தட்டிய ஒரே மனிதர், பையனைத் தூற்றும் கூட்டத்துக்குத் தலைவராகிப்போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுக்கடையில் வெர்னன் பொரித்த மீனோடு உட்கார்ந்திருந்தார். மேலே வானொலி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் டெல்ஃபின், நகரப் பேருந்து ஓட்டுகிறவள், ட்ரேவன் கட்சி.

"அந்த வால்ட் மட்டும் என் பஸ்ல ஏறட்டும், பாலத்து மேல நிறுத்தி ஆத்துல தள்ளிடறேன்," என்றாள்.

வெர்னனுக்கு மனசு கேட்கவில்லை. "அவன் நல்லதுக்குக்கூட சொல்லலாம்மா. எடது பக்கம் பழகினா பையனுக்குத்தானே லாபம்?"

"யோவ், நீ சும்மா இரு. பாஸ்கெட்பால் பத்தி உனக்கு என்ன தெரியும்? ஆமா, என்ன வேல பாக்கற?"

"இப்ப வேல இல்ல. மொதலாளி பூட்டிட்டாரு."

"அதான பாத்தேன். எந்த மில்லு?" என்று இரக்கத்தோடு கேட்டு, தன் தட்டிலிருந்த பியரோகிக் கொழுக்கட்டை இரண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். வெர்னன் இரண்டையும் சாப்பிட்டார்.

நவம்பர் கடைசியில் பணக்காரர்கள் சமாதானமானார்கள். டிசம்பரில் கதவு திறந்த அன்றைக்கே முதலாளி ராய்ஸ் ஹாலர் பயிற்சியாளர்களைக் கூப்பிட்டார். பெயின்ட் வியாபாரத்தில் கொழித்தவர். ஆட்டம் இல்லாத மாதங்களில் அவருக்கும் பொழுதுபோக்கு கஸ்ஸின் வானொலிதான்.

"கோல் பையனை வித்தாச்சு," என்றார். "மேற்கேயிருந்து ஒரு அனுபவசாலி வரார். வயசு முப்பத்தாறு, ஆனா ரெண்டு கையும் வேல செய்யும்."

வெர்னன் நாற்காலி நுனிக்கு வந்தார். "சார், அவன் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடலையே!"

"ஊரே வேணாங்குது. அந்த வால்ட் சொன்னதக் கேட்டியா? அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு வெச்சுட்டாரு மனுஷன்."

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பையன் போவான். வெர்னன் எழுந்து நின்றார்.

"சார், வால்ட் நான்தான்."

ஹாலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெர்னன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வால்ட் குரலில் இரண்டு வரி பேசிக் காட்டினார்.

"நல்லாத்தான் பண்ற. என் பேரன் இதவிட நல்லாப் பண்ணுவான்," என்றார் ஹாலர் கண்ணைத் துடைத்தபடி. பிறகு முகம் இறுகியது. "வெர்னன், தப்பா எடுத்துக்காத. ஒன்பது வருஷமா நீ என்கிட்ட சம்பளம் வாங்கற. அந்த ஆளுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி உனக்குத் தெரிஞ்சிருந்தா, நாம எங்கயோ இருந்திருப்போம். உக்காரு."

வெர்னன் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லியும் வேலை போகவில்லை. அவமானத்தில் அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

கீழே பயிற்சிக் கூடத்தில் ட்ரேவன் தனியாக இருந்தான். விஷயம் தெரிந்திருந்தது, பை கட்டியிருந்தது. போவதற்கு முன் ஒரு பந்தை எடுத்து, இடது தோளை இறக்கி, இடது கையால் தட்டிக்கொண்டே போய்க் கூடையில் மெத்தென்று வைத்தான். வெர்னன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆசை ஆசையாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எப்படா இதக் கத்துக்கிட்ட?"

"ரேடியோல ஒரு பெரியவர் திட்டுவாரு கோச், எட்னாக்காரர். மொதல்ல ராத்திரியெல்லாம் அழுதேன். அப்புறம் கேக்க கேக்கப் புரிஞ்சுது. வெறுக்கறவன் எவனும் ஒருத்தன் காலை எங்க வெக்கறான்னு இவ்ளோ உத்துப் பாக்கமாட்டான்."

வெர்னனுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருந்தது. ஆனால் உன்னை இந்த ஊரைவிட்டு அனுப்பியதும் அந்த வாய்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டிவருமே.

"அவன் ஒரு முட்டாள்டா," என்றார்.

"இருக்கட்டும் கோச்." பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "அஞ்சு மாசம் இங்க தனியாக் கெடந்தேன். சட்டம் அப்படி, உங்கள யாரையும் தப்பு சொல்லல. ஆனா இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தவர் அவர் ஒருத்தர்தான்."