முதல் கோட்டு காயும்வரை

பெயின்ட் மேஸ்திரிக்கு ‘ரெண்டு கோட்டு’ என்று பட்டப்பெயர். நாற்பது வருஷத்தில் ஊரில் பாதிச் சுவர்களுக்கு வர்ணம் அடித்தவர். மீதிப் பாதி அவரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றன. ஒரே கோட்டோடு எந்தச் சுவரையும் அவர் விட்டதில்லை. பொய்யும் அப்படித்தான். ஒருமுறை சொல்லி, அது காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு.

நோய் பரவி ஊரையே பூட்டிப்போட்ட மூன்றாம் மாதம். அவர் தும்மினால் அந்தத் தும்மல் தெருமுனை வரை போய், ஆள் யாரையும் காணாமல் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஏணியோடு பேச ஆரம்பித்திருந்தார். ஏணி பதில் சொல்லவில்லை என்று இரண்டு நாள் அதனோடு கோபித்துக்கொண்டும் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிள்ளைகள் கைபேசிக்குள் வருவார்கள். மகள் ஒரு நாட்டில் நர்ஸ். அங்கே அப்போது சாயங்காலம். மகன் வேறொரு நாட்டில் கிடங்கு வேலை.

"சாப்பாட்டுக்கு என்னப்பா பண்றீங்க?" என்றான் மகன்.

"அதை ஏன் கேக்குற! மேல் வீட்டுல இருந்து அண்டா, கீழ் வீட்டுல இருந்து குண்டா. வாசலை இடிச்சு அகலமாக்கலாமான்னு பாக்குறேன். உடம்பு நுழையல."

மேல் வீடும் கீழ் வீடும் பூட்டிக் கிடந்தன. காலையில் பிரெட்டும் டீயும், ராத்திரி டீயும் பிரெட்டும்.

மகன் சிரித்தான். "ஷிப்டுக்கு நேரமாச்சுப்பா" என்று கையசைத்தான். கைபேசித் திரையில் அவன் கட்டம் கறுத்துப்போனது.

மகளும் சிரித்தாள். அவள் தலைக்குப் பின்னால் தெரிந்த சுவரை அப்போதுதான் மேஸ்திரி பார்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவரே போய் அவள் அறைக்கு இளமஞ்சள் அடித்துக் கொடுத்திருந்தார். பிரஷ் வேலை. சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில் சன்னலோரம் ஒரு விரல் அகலம் விட்டுப்போயிற்று. உலகத்திலேயே அவர் விட்ட ஒரே இடம் அதுதான். இந்தச் சுவரும் பல்பு வெளிச்சத்தில் மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஆனால் மேலெல்லாம் பொடிப்பொடியாக, உருளையால் அடித்தால் விழுகிற ரோலர் புள்ளி.

"அம்மாடி, வீட்டுலதான இருக்க?"

"ஆமாம்பா. லீவு போட்டிருக்கேன்."

"வீட்டுலதான்?"

"வீட்டுலதாம்பா!"

ரெண்டு கோட்டு. நம்ம ரத்தமல்லவா என்று ஒரு நொடி பெருமைகூட வந்தது. அடுத்த நொடி கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அது ரோலர் அடிச்ச சுவரு. நான் அடிச்சது இல்ல. எங்க இருக்க?"

மகள் இருமினாள். நீளமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"எனக்கும் வந்துருச்சுப்பா. ஆஸ்பத்திரியிலயே தனி ரூம் குடுத்திருக்காங்க. அஞ்சு நாளாச்சு. நீங்க ஒத்தையா கெடந்து பயப்படுவீங்கன்னுதான்..."

"ஒத்தையாவா? நானா? இங்க கல்யாண வீடு மாதிரி..."

"அப்பா. உங்க பின்னாடி இருக்க சுவரு போன வாரம் பச்சை. அதுக்கு முந்தி நீலம். இன்னைக்கு ரோஸ். வீடு நிறைய ஆள் இருந்தா, ஒரே சுவத்தை வாராவாரம் எவனாச்சும் அடிச்சுக்கிட்டு இருப்பானா?"

மேஸ்திரி திரும்பி ரோஸ் சுவரைப் பார்த்தார். ஒரு லட்சம் பொய் கைவசம் வைத்திருந்தவர் அத்தனையையும் மூடி வைத்தார்.

"மூச்சு விட முடியுதா கண்ணு?"

"முடியுது. பேசினாத்தான் இருமல். போனை வெச்சிடாதீங்கப்பா. ஆனா பேசவும் வேணாம்."

"பேசாம நான் என்ன பண்றது?"

"பெயின்ட் அடிங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்."

கைபேசியை ஏணியின் மூன்றாம் படியில் சாய்த்து வைத்தார். மீந்த டின்களைத் துழாவினார். வெள்ளையில் மஞ்சளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார், அவள் அறையின் நிறம் வரும்வரை. முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்கும்போதெல்லாம் பிரஷ் நின்றது. அடங்கியதும் மறுபடி நகர்ந்தது. சன்னலோரம் வந்ததும் ஒரு விரல் அகலம் ரோஸை அப்படியே விட்டார்.

"இது காய நாலு மணி நேரம் ஆகும்" என்றார் திரும்பாமலே. "அப்புறம் ரெண்டாவது கோட்டு. இருப்பியா?"

பதில் இல்லை. பதறித் திரும்பினார். தூங்கிப்போயிருந்தாள். போர்வை ஏறி இறங்கியது.

குழாயைத் திறந்தால் விழித்துவிடுவாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்தார். ஏணிக்கு முன்னால் ஸ்டூலை இழுக்காமல் தூக்கி வைத்து, அந்தப் போர்வையையே பார்த்தபடி உட்கார்ந்தார்.