மாமா கேட்ட கேள்வி

வாசலில் நின்ற டாக்ஸியின் சார்ஜர் வயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, மருமகள் ஓடிப்போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டாள். கூடத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒருமுறை முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. கட்டிலில் கிடந்த மாமனாரின் நெஞ்சு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மாமா! மாமா!"

உலுக்கினாள். கன்னத்தைத் தட்டினாள். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன கரண்ட் எப்போது போனது? அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெஷின் கத்தியிருக்கும்தான், பக்கத்து வீட்டு டிவி போட்ட கூச்சலில் காதில் விழவே இல்லை.

அந்த வீட்டு வயரிங் கிழட்டு வயரிங். மெஷினும் வண்டியும் சேர்ந்து இழுத்தால் மெயின் விழுந்துவிடும் என்று எலக்ட்ரீஷியன் தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருந்தார். அதனால் மாமாவைச் சிலிண்டருக்கு மாற்றிய பிறகே வண்டிக்குச் சார்ஜ் போடுவது வழக்கம். இன்று சிலிண்டர் காலி. வண்டியிலும் சார்ஜ் இல்லை, சவாரியோ காத்திருந்தது. "கொஞ்ச நேரம்தான், தாங்கும். நான் போய் சிலிண்டரை மாத்திட்டு வந்துடறேன்" என்று வயரை மாட்டிவிட்டுப் போனவன் அவள் புருஷன். சரி என்று தலையாட்டியவள் அவள்.

மாமாவும் டாக்ஸிக்காரர்தான். ஆயுசு முழுக்க டீசல் வண்டி. ஊருக்குள் இனி டீசல் டாக்ஸி ஓடக்கூடாது என்று உத்தரவு வந்து, மகன் இந்தக் கரண்ட் வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "இது வண்டியாடா? செல்போனுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கு" என்பார்.

சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். வயர் தரையில் கிடந்தது.

"கரண்ட் போச்சா?" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். "ஏற்கெனவே இதயம் மோசம். எப்ப வேணா நிக்கும்னு இருந்ததுதான்."

"கரண்ட் போனதாலயா டாக்டர்?"

"அதை எப்படிப்பா சொல்ல முடியும்?" என்று பையை மூடிக்கொண்டார். அந்த மனுஷன் ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

டாக்டர் போனதும் அவன் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தான். "நான்தான் கொன்னுட்டேன்." சவாரிக்காரர் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னாலே சோறு இறங்காத ஆள். இவனை இப்படியே விட்டால் இவனும் மிஞ்சமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

"கரண்ட் வந்தப்புறமும் மாமா பேசினாருங்க."

நிமிர்ந்தான். "என்ன பேசினாரு?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "வண்டிக்குச் சார்ஜ் ஏறிடுச்சாம்மான்னு கேட்டாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போயும் போயும் அதையா சொல்லவேண்டும்?

"அப்பாவா கேட்டாரு?"

"ம்."

"அந்த வண்டியைப் பத்தி?"

"ஆமாங்க."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு அவன் கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மாமாவின் அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா ஏதாவது பேசினானாடா என் தம்பி?"

மருமகள் தண்ணீர்ச் சொம்போடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"பேசினாரு அத்தை," என்றான் அவன். "வண்டிக்குச் சார்ஜ் ஏறிடுச்சான்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு."

சிரித்ததாக அவள் சொல்லவே இல்லை.

கிழவி இவள் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா," என்றாள். "நல்லா சிரிச்சாரு."