ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

முதலில் துப்பியவர் ஜம்புலிங்கம்தான். களி உருண்டையைக் குழம்பில் தொட்டு வாயில் போட்டவர், அப்படியே எழுந்துபோய் மணலில் துப்பினார். அவருக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார்கள்.

"எந்த மகராசன் உப்பு போட்டது?" என்றார் தனகோடி.

"நான்தான்யா போட்டேன். ஒரே கை." ஜம்புலிங்கம் வாயைக் கொப்பளித்துவிட்டு வலது கையை விரித்துக் காட்டினார்.

"அது கையா? மொறமாட்டம் இருக்குது."

"சங்கத்துத் தலைவரு கையாச்சே, பெருசாத்தான் இருக்கும்" என்றாள் ஃபரீதா. கூடைகளை எடுத்துப்போக ஆம்பூரிலிருந்து வந்திருந்தவள். "இன்னொரு கை போட்டிருந்தீங்கன்னா தோலே ஊறப்போட்டிருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜம்புலிங்கமும் சிரித்தார். ஒரு கைக்கு மேல் போடவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாசம். எங்கள் திட்டு ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றின் நடுவில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் அது தீவு. மழைக்காலத்தில் சில வாரம் அப்படி ஓடும். மற்ற நாளெல்லாம் இரண்டு பக்கமும் வெறும் மணல், நடுவே வண்டல் மேடு. யார் பேரிலும் பட்டா கிடையாது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், கரையோரத்தில் நிலம் இல்லாத குடும்பங்கள் சில சேர்ந்து நாணலை வெட்டி எறிந்துவிட்டு அங்கே பயிர் வைத்தன. கத்தரி, கீரை, புதினா, வெள்ளரி. மணலில் ஊற்றுத் தோண்டி, குடத்தில் மொண்டு ஊற்றுவது. விளைந்ததை மண்டிக்குப் போடுவதில்லை என்று முடிவு. ஆம்பூரில் நாலு தெருவுக்கு மட்டும், ஃபரீதா மூலமாக, நேராக வீடுகளுக்குப் போகும்.

இன்னொரு விதியும் இருந்தது. கூடை ஆற்றைத் தாண்டும் முன் எல்லாரும் அதிலிருந்து சாப்பிட வேண்டும். களி அவரவர் வீட்டிலிருந்து வரும். குழம்பு திட்டில், ஊற்றுத் தண்ணீரில், ஒரே குண்டானில். பயிர் வைத்தவர், மொண்டு ஊற்றியவர், விற்கப்போகிற ஃபரீதா, யாரும் விலக்கில்லை. சாப்பிடாதவர்களுக்கு அந்த வாரம் கூடை இல்லை. சங்கம் என்று நாங்கள் சொன்னது இதைத்தான். ரசீதும் கிடையாது, ரப்பர் ஸ்டாம்பும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு குண்டான் குழம்பு, அவ்வளவுதான்.

நான் அந்தக் குடும்பங்களில் பிறந்தவன் இல்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றவன். உப்புத் தோலை ஊறவைத்து அலசுகிற தொட்டி வேலை. அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. வேலையை விட்டபோது பகலில் பேச எனக்கு ஆளே இல்லாமல் போயிருந்தது. கூடை தூக்க ஆள் வேண்டும் என்று ஜம்புலிங்கம் கேட்டார். வந்தேன். கூலி பெரிதில்லை. பத்துப் பேரோடு உட்கார்ந்து வெளிச்சத்தில் சாப்பிட முடிந்தது.

குழம்பு வைப்பவள் செண்பகம் அக்கா. திட்டில் ராத்திரியும் பகலும் இருந்தவள் அவள் ஒருத்திதான். புருஷன் செத்ததும் அவன் தம்பிகள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். சங்கம் அவளுக்கு இங்கே ஒரு குடிசை போட்டுக் கொடுத்தது. பன்றி விரட்டுவாள், நாற்றுக்குத் தண்ணீர் காட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை சமைப்பாள். திட்டு இல்லை என்றால் அவளுக்குப் போக இடம் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அவள் கைப்பக்குவத்தைத்தான் சொல்வார்கள். உப்பு ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது.

அன்றைக்கு அவள் இல்லை. அவளுடைய தங்கையை வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்த்துவிட்டு வர முதல் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது என்னிடம் சொன்னாள்:

"பருப்பும் கத்திரிக்காயும் வேகட்டும் லோகு. மொளகாத்தூள், புளி எல்லாம் நீ போட்டுடு. உப்பு மட்டும் நான் வந்து பாத்துக்கறேன். யாரையும் கை வெக்க உடாத."

அவள் போன பிறகு நான்தான் ஊற்றில் மொண்டு குண்டானை அடுப்பில் ஏற்றினேன். வெயில் உச்சிக்கு வந்தது. பஸ் வரவில்லை. அன்றைக்கு ஆட்கள் அதிகம், ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றுக்கு இடம் குறிப்பதாக இருந்தது. தையிலிருந்தே கீரை நுனி கருகியது. கத்தரி கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. விதை சரியில்லை என்றார் ஒருவர், வெயில் ஜாஸ்தி என்றார் இன்னொருவர். ஊற்று மேலோட்டத் தண்ணீர், ஆழமாக உறைக்கிணறு இறக்கினால் சரியாகிவிடும் என்றார் ஜம்புலிங்கம். அதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

"செம்பகம் வர்ற வரைக்கும் கொழம்பு காத்துனு இருக்கும், வயிறு இருக்குமா?" என்று ஜம்புலிங்கம் எழுந்தபோது நான் தடுத்துப் பார்த்தேன். "போடா, உப்பு போடறதுக்குக்கூட இன்னா பரீச்சையா பாஸ் பண்ணணும்?" என்று ஜாடிக்குள் கையை விட்டார்.

மற்றவர்கள் அவர் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஜாடியை மூடி வைக்கக் குடிசைக்குள் போனேன். கல்லுப்பு. கழுத்து வரைக்கும் இருந்தது. மேலே ஈரத்தில் இறுகி, ஓடு மாதிரி கட்டிப்போய், தூசி படிந்து சாம்பல் நிறமாக இருந்தது. நடுவில் ஒரு குழி. ஒரே ஒரு கைக்குழி, புதுசாக, வெள்ளையாக. அதைச் சுற்றி எங்கும் யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

வெளியே வந்து, ஊற்றுப் பக்கம் போய், ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். பொங்கலுக்குப் பிறகு குடிக்கிற தண்ணீர் கரைக் கிணற்றிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஊற்று கலங்கிக் கிடக்கிறது என்று அக்கா சொன்னாள், நாங்களும் சரி என்றோம். ஊற்று கலங்கியிருக்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. நாக்கில் வைத்ததும் தொட்டி வேலை ஞாபகம் வந்தது.

செண்பகம் அக்கா மணலில் வேகமாக நடந்து வந்தாள். தள்ளி வைத்த தட்டுகளைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"உங்க ஜம்புண்ணா இன்னிக்கு எங்கள கருவாடாக்கிட்டாரு, அக்கா" என்றாள் ஃபரீதா.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அய்யய்யோ, காலையில போறப்பவே நான் உப்பு போட்டுட்டேனே. அது தெரியாம அவரும் போட்டுக்கிறாரு."

"பாத்தியா! நான் ஒரு கைதான் போட்டேன்னு சொன்னேனா இல்லியா?" என்று ஜம்புலிங்கம் துள்ளினார்.

அவள் என்னைப் பார்த்தாள். குண்டானை ஏற்றியவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்காகப் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் வேண்டியிருந்தது.

குழம்பில் கரைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நீர்க்கவிட்டு, எப்படியோ சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு எல்லாரும் திட்டின் நடுவுக்குப் போனோம். ஜம்புலிங்கம் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். மஞ்சள் பையிலிருந்து தேங்காயை எடுத்தார். உறைக்குச் சிமெண்டு சொல்லியாகிவிட்டது, மழை வரும்வரை ஆம்பிளைகள் எல்லாரும் இதே வேலையாக இருக்க வேண்டும் என்றார்.

"நான் ரெடி. செங்கல் சூளைக்குக் கூப்புட்டாங்க, குடும்பத்தோட. நாளைக்கு லாரி வருது. வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் தனகோடி. "கெணறு வந்துட்டா சூளை இன்னாத்துக்கு?"

"அப்டிச் சொல்லு தோஸ்த்" என்றாள் ஃபரீதா.

ஜம்புலிங்கம் தேங்காயை ஓங்கினார்.

"தனகோடி, நீ சூளைக்குப் போ" என்றாள் செண்பகம் அக்கா.

"இன்னாக்கா?"

"சூளைக்குப் போன்னு சொல்றேன். கெணறு வேணாம்."

அவள் குடிசைக்குள் போய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் வைத்து மூடியை எடுத்தாள்.

"பொங்கலுக்கு வாங்குன உப்பு. அதுல இருக்கறது ஜம்புண்ணா கையி. என் கை எங்கன்னா இருக்குதா, பாருங்க."

யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"காலையில போட்டேன்னு சொன்னது பொய். மொதல்ல அரைக் கை போட்டேன். அப்புறம் கால் கை. பொங்கலுக்கப்புறம் போடறதே இல்ல. தண்ணியே போட்டுக்குது." மூச்சு வாங்கினாள். "எவ்ளோ ஆழம் எறக்கினாலும் இதே ஆத்துத் தண்ணிதான வரும்?"

அவர்கள் அவளைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவளும் அதற்குத்தான் நின்றுகொண்டிருந்தாள். தனகோடிதான் முதலில் பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"எங்க ஊட்டு ஆடு தை மாசத்துலருந்தே இந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டுப் போய்டுது."

"புதினா ரெண்டு நாள் தாங்கல. தெருவுல கேக்கறாங்க. லாரில வெயில் பட்டு வாடிப்போச்சுன்னு நான் சொல்லினு இருந்தேன். நம்மளுது லாரிலயா வருது?" என்றாள் ஃபரீதா.

ஜம்புலிங்கம் தேங்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் பொஞ்சாதி இங்க துணி அலசறத உட்டு மூணு மாசம் ஆச்சு."

அவ்வளவுதான். ஒருவருக்கும் இது புதுச் சேதி இல்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டில் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் குழம்பு அதற்கு வசதியாக இருந்தது.

"நாலு தெருவுக்கும் நான் இன்னா சொல்லட்டும்?" என்று ஃபரீதா கேட்டாள். "பேஜாராப் போச்சுக்கா" என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு, காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனாள். தனகோடி லாரிக்காரனைப் பார்க்க ஓடினார். ஜம்புலிங்கம் தேங்காயை உடைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டவர்கள் மறுபடி பேச வருவார்கள். இவர்கள் பக்குவமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மணலில் ஆளுக்கு ஒரு பக்கமாக நடந்து போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். குண்டானை இறக்க இரண்டு பேர் வேண்டும், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா அதே பெரிய குண்டானைத்தான் ஏற்றியிருந்தாள். அடியில் கொஞ்சம்தான் கொதித்துக்கொண்டிருந்தது. கரைக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து வைத்திருக்கிறாள். இறக்குவதற்கு என் கை தேவைப்படவே இல்லை. ஜாடியில் உப்பை உடைத்து ஒரு சிட்டிகை போட்டாள்.

எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தங்கைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். அங்கே போய் இருக்கலாமே என்றேன். "அவ மாமியா ஊட்ல அவளே ஓரமாத்தான் படுக்கறா" என்றாள்.

அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. பத்துப் பேர் இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொண்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உப்பு சரியா இருக்குதா?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் அதை யாரிடமும் கேட்டதில்லை.

"சரியா இருக்குது."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"அடுத்த வாரம் சின்ன சட்டில வெக்கட்டா?" என்றாள்.

"எத்தன பேருக்கு?"

"நீதான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. தோல் ஷாப்பில் மறுபடி நைட் ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையும் சொல்லவில்லை. மணல் காலைச் சுட்டது.

கரை ஏறும் இடத்தில் ஜம்புலிங்கம் நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, திட்டில் எழும்புகிற அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாக நிற்பவர் மாதிரி இருந்தது. என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பினார். நான் தாண்டிப் போன பிறகு பின்னாலிருந்து கேட்டார்.

"இன்னிக்கு இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா."

"உப்பு?"

"சரியா இருந்துச்சு."

தலையை ஆட்டினார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.