வலி மட்டும்தான் போகும்

"எண்ண சீயக்கா வெக்கிறவங்க வாங்க!" என்று துரைக்கண்ணுவின் தம்பி பாண்டுரங்கன் வாசலில் கத்தினார். கடைசிக் குளிப்பாட்டலுக்காகப் பெஞ்சில் கிடத்தியிருந்த துரைக்கண்ணுவின் தலையில் மகள் ஜெயசுதா எண்ணெய் தொட்டு வைத்தாள். அடுத்து வந்த மனைவி மீனம்பாள் ஒரு துளியோடு நிற்கவில்லை. உள்ளங்கை நிறைய எடுத்து மார்பு, வயிறு, இடது இடுப்பு என்று அழுத்தித் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த இடுப்பில் வேட்டி பட்டாலே அலறி ஊரைக் கூட்டியவர். புற்றுநோய் எலும்புக்கு இறங்கியிருந்தது. எந்த மாத்திரைக்கும் வலி மசியவில்லை. சென்னையில் கத்தி வைக்காமல், காதுக்குக் கேட்காத ஒலியை இடுப்பெலும்பில் குவித்து, வலிக்கிற நரம்பைச் சுட்டார்கள். பத்தே நாளில் மனுஷன் பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். மீனம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. சிங்கவரம் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டாள். இப்போது ஒப்பாரி வைக்க அவிழ்த்துவிடக்கூட முடி இல்லை, பாவி மகளுக்கு.

"வலி மட்டும்தான்மா போகும். நோய் உள்ள அப்படியேதான் இருக்குது" என்று டாக்டர் அன்றே ஜெயசுதாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. அம்மாவின் அந்தச் சிரிப்பைக் கெடுக்க எந்த மகளுக்கு வாய் வரும்?

"கொன்னுட்டேனே! கொணமான மனுசன கழனிக்கு மோட்டார் போடப் போன்னு நாந்தான வெரட்டுனேன்! வந்து ஒக்காந்தவரு எழுந்திரிக்கலியே!" மீனம்பாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

ஜெயசுதாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னால இல்லம்மா. நைனாவுக்குக் கொணமே ஆவல. வலி மட்டுந்தான் போச்சு. ரெண்டு மாசந்தான்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு."

மீனம்பாளின் அழுகை சட்டென்று நின்றது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நா தெனம் நடவுக்குப் போனேனேடி. ஒரு நாளு போவாத, பக்கத்துல இருன்னு கேட்டாரு. அதான் நல்லாயிடுச்சே, இன்னா கொஞ்சல் வேண்டிக்கிதுன்னு சிரிச்சிட்டுப் போனேன்."

அம்மா ஜெயசுதாவின் கையை உதறவில்லை, மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"நேரமாவுது அண்ணி" என்றார் பாண்டுரங்கன்.

மீனம்பாள் சொம்பில் தண்ணீர் மொண்டாள். தலைக்கு ஊற்றித் தேய்த்தாள். மார்புக்கு ஊற்றித் தேய்த்தாள். இடது இடுப்புக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டு, எங்கும் பட்டுவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டாள்.