சுபோதினி தேய்த்த கார்டு

கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்காரர்கள் மாதிரி முகம் மாறாமல் பொய் சொல்ல யாராலும் முடியாது. காலி வீதியில் எந்தக் கடையில் கார்டை நீட்டினாலும் ஒரே பதில்: "மெஷின் வேலை செய்யேல்லை, காசாத் தாங்கோ." மெஷின் மேசைக்கடியில் துணி போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கும். அதை எழுப்பி ஓடவைப்பதுதான் என் உத்தியோகம்.

கார்டில் நூறு ரூபாய் தேய்த்தால் கடைக்காரருக்கு இரண்டரை ரூபாய் வெட்டுப்படும். அதில் பெரும்பங்கு வங்கிகளுக்குப் போய்விடும். காசை இங்கிருந்து அங்கு சேர்ப்பிக்கும் எங்கள் கம்பனிக்கு, தொகை எதுவானாலும், தடவைக்குச் சில சதங்கள்தான். ஆகவே எங்களுக்கு எண்ணிக்கைதான் உயிர்.

இந்த மாதமும் எண்ணிக்கை ஏறாவிட்டால் என்னை வவுனியாவுக்கு மாற்றுவதாக மனேஜர் முர்ஷித் சொல்லிவிட்டார். ஆறு வருடம் கட்டாரில் கிடந்துவிட்டு, போன வருடம்தான் மனைவி சுபோதினியிடம் வந்து சேர்ந்தவன் நான். மறுபடியும் பிரிவதா? அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். அவள் பக்கத்து ஒழுங்கையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். அங்கேயும் நான் பொருத்திக்கொடுத்த கார்டு மெஷின் ஒன்று உண்டு.

அடுத்த கிழமை முர்ஷித் போன் எடுத்தார்.

"ஹரிசன், ஒங்கட ஏரியாவுல ஒரு பிளவுஸ் கடை. ஒரே கார்ட பத்து ரூபா, பத்து ரூபாண்டு நாள் முழுக்கத் தேச்சிக்கிட்டு இரிக்காங்க. களவுக் கார்டா இரிக்கும். போய் மெஷினக் கழட்டிட்டு வாங்க."

கடையின் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டுச் சுபோதினியின் கடைக்கு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோதும் அவள் தன் கார்டைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"எண்ணிக்கை ஏறினாப் போதும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? என்ரை காசு என்ரை எக்கவுண்டுக்குத்தானே திரும்ப வருது!"

"சொந்தக் கடையிலை சொந்தக் கார்டைத் தேய்க்கக்கூடாது. கொம்பியூட்டர் அதைக் களவெண்டுதான் பிடிக்கும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஏறிய கோபமும் அதோடு இறங்கிவிட்டது. என்னைப் பக்கத்திலேயே வைத்திருக்கப் பத்துப் பத்து ரூபாயாக மல்லுக்கட்டியிருக்கிறாள், பாவி. அவள் மேல் அப்படியொரு அன்பு பொங்கியது. மெஷின் பழுது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தப் பொய்யை நாளெல்லாம் கேட்டு அலுத்தவன் நான். முர்ஷித்துக்குப் போன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "களவில்லண்டு நான் மேல சொல்லிக்கிறேன். ஆனா பொண்டாட்டிட கடை இரிக்கிற ஏரியாவுல இனி ஒங்கள வெச்சிக்க ஏலாது. வவுனியாதான்."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அவளுக்கும் கேட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தன் போனை எடுத்துக் கடைச் சொந்தக்காரரை அழைத்தாள்.

"ஐயா, மாத முடிவிலை கடையை விடுறன். அட்வான்ஸைத் திருப்பித் தாங்கோ."

போனை வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"என்ன பாக்கிறியள்? வவுனியாவிலை பொம்பிளையள் பிளவுஸ் போடுறேல்லையோ?"